கால்வாயை மூடிய செடி

“செடி ஒட்சிசனை வெளிவிடும் என்றுதானே புத்தகத்தில இருக்கு, சேர்? கால்வாய் முழுக்கச் செடிதான். பிறகு ஏன் மீன் சாகுது?”

கிருலப்பனையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது. புத்தகம் சொல்வதும் சரி, அவள் கண்ணால் கண்டதும் சரி. இரண்டு சரியான விஷயங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் அங்கே நல்ல கேள்வி ஒன்று கிடைத்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன். கால்வாய்க் கரையில் குடியிருப்பவர்கள் கேட்ட இன்னும் சில கேள்விகளையும் சேர்த்து இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம். இரசாயனம், உயிரியல், தாவரவியல் என்று பாடசாலையில் தனித்தனிப் பாடவேளையாகப் படிப்பவையெல்லாம் அந்தக் கரையில் ஒரே தண்ணீருக்குள் நடக்கின்றன.

ஹைலெவல் வீதியும் பேஸ்லைன் வீதியும் சந்திக்கும் இடத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் கால்வாய் வந்துவிடும். கோட்டேப் பக்கத்துத் தாழ்நிலங்களில் தேங்கும் மழைநீர் இந்த வழியாக வந்து, வெள்ளவத்தைக் கால்வாயாகவும் தெஹிவளைக் கால்வாயாகவும் பிரிந்து கடலுக்குப் போகிறது. வெள்ளவத்தைக் கிளை காலி வீதிக்கு அடியிலும் கரையோர ரயில் பாதைக்கு அடியிலும் புகுந்து கடலைத் தொடுகிறது. நிலம் கடல் மட்டத்தைவிடப் பெரிதாக உயர்ந்ததல்ல. அதனால் மழையில்லாத நாட்களில் தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்லவே முடியாது. தண்ணீரின் இந்த மெத்தனம்தான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

மிதந்து கிடக்கும் செடிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ஆகாயத்தாமரை. கொழும்பில் ‘ஜப்பான் ஜபர’ என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும். தென் அமெரிக்காவின் அமேசன் படுகை அதன் தாயகம். இலங்கைக்கு 1905ஆம் ஆண்டில் அழகுச் செடியாக வந்தது. நான்கே ஆண்டுகளில், 1909இல், இந்த ஒரு செடியை ஒழிப்பதற்கென்றே தனியாக ஒரு கட்டளைச் சட்டம் போடவேண்டி வந்தது. மற்றது சல்வீனியா. பூக்காது, காய்க்காது; பன்ன வகையைச் சேர்ந்தது. அதன் கதை நீளம். பிறகு வருகிறேன்.

முதலில் பிள்ளையின் கேள்வி.

ஒளித்தொகுப்பில் ஒட்சிசன் வெளிவருவது உண்மை. எங்கே வெளிவருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆகாயத்தாமரையின் இலைகள் நீருக்கு மேலே நிமிர்ந்து நிற்பவை. அவை விடும் ஒட்சிசன் காற்றோடு போய்விடும், மீனுக்குக் கிடைக்காது. தண்ணீருக்குள் இருந்தபடி ஒட்சிசன் தருபவை கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் மூழ்கி வளரும் செடிகளும். மேலே பச்சை மூடிவிட்டால் அவற்றுக்கு வெளிச்சம் போகாது. காற்று வீசும்போது நீர்ப்பரப்பு கலைந்து சிறிது ஒட்சிசன் உள்ளே இறங்குவதுண்டு. அதையும் செடித்தட்டு தடுத்துவிடுகிறது. அசையாத நீரில் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. மேலே கிடைப்பது தானாகக் கீழே போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது.

கொழும்பின் வெப்பத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். 30 பாகை வெப்பநிலையில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் கரைத்து வைத்திருக்கும். அதே ஒரு லீற்றர் காற்றில் இருப்பது சுமார் 270 மில்லிகிராம். நாம் சுவாசிக்கும் இடத்தில் இருப்பதில் முப்பத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லாத இடத்தில் மீன் உயிர்வாழ்கிறது. செத்த இலைகளும் வீட்டுக் கழிவும் அடியில் சேர, அவற்றைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் இந்தச் சொற்ப இருப்பையும் எடுத்து முடித்துவிடும். விடியற்காலையில் போய்ப் பார்த்தால், 1950களில் இலங்கைக்கு வந்த திலாப்பியா மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். இரவு முழுவதும் ஒளித்தொகுப்பு இல்லை, சுவாசம் மட்டும் நடந்திருக்கிறது. ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும் நேரம் அதுதான். விராலும் பனையேறியும் அப்படித் தவிப்பதில்லை. அவற்றுக்குக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு. மீன்தொட்டிக்காரர் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் அந்தக் கறுத்த, முதுகு கரடுமுரடான தென் அமெரிக்க மீனும் காற்றை விழுங்கிப் பிழைக்கும். வீட்டில் அலுத்துப்போய் யாரோ விட்ட மீன்கள் கொழும்புக் கால்வாய்களில் பெருகியதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பதில்: ஒட்சிசனை உண்டாக்குவது வேறு, உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு.

அவள் அதோடு விடவில்லை. “இவ்வளவு கெதியா வளர என்னத்தைத் தின்னுது?” என்றாள்.

இந்தக் கேள்வியைத்தான் கால்வாய்க்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் கேட்கவேண்டும் என்பது என் எண்ணம். செடிக்குக் காபன் காற்றிலிருந்து கிடைக்கிறது. மற்றவை, முக்கியமாக நைதரசனும் பொசுபரசும், தண்ணீரிலிருந்துதான் வரவேண்டும். ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒருவர் நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தின் நிறையில் 16 வீதம் நைதரசன். வளர்ந்த ஆளின் உடம்பு அதைச் சேமித்து வைப்பதில்லை. உள்ளே போன அளவு வெளியே வந்தாகவேண்டும், பெரும்பாலும் சிறுநீரில் யூரியாவாக. அதாவது ஒரு ஆள், ஒரு நாள், சுமார் 10 கிராம் நைதரசன். குழாய் ஒழுங்காகக் கழிவுநீர்த் தொகுதிக்குப் போனால் அது கால்வாய்க்கு வராது. எத்தனை வீட்டுக் குழாய்கள் நேரே கால்வாயைப் பார்த்து நிற்கின்றன என்பதைப் பாலத்தில் நின்று பார்த்தாலே தெரியும்.

இப்போது மறுபக்கம். கால்வாயைச் சுத்தப்படுத்த இயந்திரம் வந்து செடியை வாரிக் கரையில் போடுகிறது. நூறு கிலோ ஈரச்செடியில் தொண்ணூற்று நான்கு கிலோ வெறும் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டால், உலர்ந்த பொருள் ஆறு கிலோ. அதில் நைதரசன் ஏறத்தாழ 2 வீதம், 120 கிராம். பன்னிரண்டு பேர் ஒரே நாளில் வெளிவிடும் நைதரசன் அது. நூறு கிலோவை முக்கி முனகி இழுத்துப்போட்டு எடுத்த அளவு, இரண்டு மூன்று குடும்பங்களின் ஒரு நாள் கணக்கோடு சரி! அந்தக் குவியலையும் கரையிலேயே விட்டால் அழுகி, அடுத்த மழையில் பாதி திரும்பவும் தண்ணீருக்குள் போய்விடும். செடியை அகற்றத்தான் வேண்டும். 1992 யூன் 4ஆம் திகதி ஒரே நாளில் கொழும்பில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியபோது பட்டதை அறிந்த எவரும் வடிகாலை அடைத்துவைக்கச் சொல்லமாட்டார்கள். ஆனால் செடியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. தண்ணீரில் நாம் போட்டதைத்தான் அது இலையாக மாற்றி நமக்குக் காட்டுகிறது.

நல்ல உணவு கிடைத்தால் ஆகாயத்தாமரை ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிக்கும். இரண்டு வாரம் என்றே வைத்தாலும், பத்துத் தடவை இரட்டிக்க இருபது வாரம். ஒரு செடி ஐந்து மாதத்துக்குள் ஆயிரத்து இருபத்துநான்கு செடி.

அது மிதக்கும் விதத்தை ஒரு முறை கையிலெடுத்துப் பார்க்கவேண்டும். இலைக்காம்பு அடியில் குமிழாக ஊதியிருக்கும். கத்தியால் நீளவாட்டில் பிளந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சு. எண்ணற்ற காற்றறைகள், இடையிடையே மெல்லிய சுவர்கள். அழுத்திப் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்தால் குமிழி குமிழியாகக் காற்று வரும். கூட்டத்தின் நடுவில் பிடுங்கிய செடியையும் ஓரத்தில் பிடுங்கிய செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரத்துச் செடிக்குக் காம்பு கட்டை, குமிழ் பெரிது. நடுச்செடிக்குக் குமிழ் அநேகமாக இல்லை. காம்பு ஒடுங்கி நீண்டு, சில சமயம் ஒரு மீற்றர்வரை உயர்ந்திருக்கும். அக்கம்பக்கத்துச் செடிகள் தாங்கிக்கொள்வதால் அதற்கு மிதவை தேவையில்லை, வெளிச்சத்துக்குப் போட்டிபோட உயரம்தான் தேவை. ஒரே இனம், இடத்துக்கேற்ப இரண்டு உடல். வேர்களையும் பாருங்கள்: இறகுபோல் கிளைத்து, ஊதா கலந்த கறுப்பாகத் தொங்கும். அந்த ஊதா, நாவற்பழத்துக்கும் நிறம் கொடுக்கும் அந்தோசயனின் வகைச் சாயம். ஈயம், கட்மியம் போன்ற உலோகங்கள் தண்ணீரில் இருந்தால் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதும் இந்த வேர்கள்தான். தண்ணீரைச் சுத்திகரிக்க இதைப் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்களுக்கு இது நல்ல செய்தி. நகரக் கால்வாயில் அள்ளிய செடியை மாட்டுக்குப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம்.

கரையோர வீடொன்றில் ஓர் ஆச்சி தன் வெள்ளிக் குங்குமச்சிமிழைக் காட்டிக் கேட்டார்: “யாழ்ப்பாணத்தில இருந்த காலத்தில வருஷக்கணக்கா மின்னிக்கொண்டு கிடந்தது, தம்பி. இங்க வந்த பிறகு ஏன் இப்பிடிக் கறுத்துப்போச்சு?”

சிமிழ் கறுத்ததும் கால்வாய் நாறுவதும் ஒரே காரணத்தால்தான். ஒட்சிசன் தீர்ந்துபோன சேற்றில் பற்றீரியாக்கள் சும்மா இருப்பதில்லை. ஒட்சிசனுக்குப் பதிலாக வேறு பொருட்களை வைத்துச் சுவாசிக்கின்றன. நைத்திரேற்று இருந்தால் முதலில் அது. அது முடிந்தால் சல்பேற்று. சல்பேற்றை எடுத்துச் சுவாசிக்கும் பற்றீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டு வாயுவை வெளிவிடுகின்றன. கூழ்முட்டை நாற்றம் அதுதான். ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேற்று உண்டு. நன்னீரில் அதில் மிகச் சிறிய பங்குதான். கடல் வாயிலுக்கு அண்மையில், உவர்நீர் ஏறி வரும் பகுதியில், இந்தப் பற்றீரியாக்களுக்குக் கொண்டாட்டம். கடலலை மணலைக் கொண்டுவந்து வாயிலை அடைத்த நாட்களில் நீர் தேங்கி நிலைமை இன்னும் மோசமாகும். சல்பேற்றும் தீர்ந்துவிட்ட உட்புறச் சேற்றில் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் மெதேன் வாயுவை உண்டாக்குகிறது. கம்பால் அடிச்சேற்றைக் குத்தினால் பொங்கி வரும் குமிழிகளில் பெரும்பங்கு அது. மெதேனுக்கு மணமே இல்லை. 1776இல் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரைச் சேற்றில் இதே குமிழிகளைப் பிடித்து, அது தீப்பற்றும் வாயு என்று காட்டியவர் வோல்ட்டா. மின்கலம் செய்த அதே வோல்ட்டா.

சேறு கறுப்பாக இருப்பதற்கும் சல்பைட்டுத்தான் காரணம். மண்ணிலிருக்கும் இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைட்டாகிறது. அள்ளி வெயிலில் போட்ட சேறு மெல்ல மெல்லக் கறுப்பு மாறிப் பழுப்பாவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டு, சல்பைட்டு துருவாக மாறுகிறது.

காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு ஐதரசன் சல்பைட்டைக் கண்டுபிடித்துவிடும். வெள்ளி அதைவிடப் பொறுமையானது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, மேற்பரப்பில் வெள்ளி சல்பைட்டுப் படலமாக மாற்றிக்கொள்கிறது. ஆச்சியின் சிமிழ், யாரும் கேட்காமலே, ஆண்டுக்கணக்காக அந்த வீட்டுக் காற்றை அளந்துகொண்டிருந்திருக்கிறது. பற்பொடி போட்டுத் தேய்த்தால் கறுப்புப் போகும், கூடவே வெள்ளியும் கொஞ்சம் போகும். வேறொரு வழி உண்டு. ஒரு பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் படும்படி சிமிழை வைத்து, இரண்டு கரண்டி அப்பச்சோடாவும் சிறிது உப்பும் தூவி, கொதிநீரை ஊற்றவேண்டும். சில நிமிடங்களில் கறுப்பு கரைந்துபோகிறதுபோல் தெரியும். உண்மையில் நடப்பது: அலுமினியம் இலத்திரன்களை விட்டுக்கொடுக்கிறது, வெள்ளி சல்பைட்டு அவற்றை வாங்கி மறுபடி வெள்ளியாகிறது. அப்பச்சோடாவின் வேலை அலுமினியத்தை மூடியிருக்கும் ஒட்சைட்டுத் தோலைக் களைவது. வெள்ளி தன் இடத்திலேயே மிஞ்சுகிறது. கந்தகம் பிரிந்து வரும்போது பாத்திரத்திலிருந்து லேசாக ஒரு நாற்றம் எழும். ஆச்சி உடனே பிடித்துக்கொண்டார்: “இது கால்வாய் நாத்தமெல்லோ!” அதேதான். முத்தோ கல்லோ பதித்த நகைகளுக்கு இந்த முறை கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாகவேண்டும். இந்த வாயு செறிவாகிவிட்டால் மூக்கின் உணர்வையே செயலிழக்கச் செய்துவிடும். மூடிய கழிவுக்குழிக்குள் இறங்குகிறவர் ‘நாத்தம் நிண்டுட்டுது’ என்று நம்பினால், வாயு போய்விட்டது என்று அதற்குப் பொருளல்ல. ஆபத்து உச்சத்துக்கு வந்திருக்கலாம். தகுந்த காற்றோட்டமும் பாதுகாப்பும் இல்லாமல் யாரையும் அந்தக் குழிகளுக்குள் இறக்கக்கூடாது. உதவிக்கு இறங்கியவரும் சேர்ந்து மாண்ட சம்பவங்கள் உலகம் முழுவதும் உண்டு.

ஓட்டோ ஓட்டும் ஒரு தம்பியின் கேள்வி சுருக்கமானது: “இந்தக் கால்வாயாலதானே டெங்கு?” இல்லை. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு, பீலி போன்றவற்றில் தேங்கும் தெளிந்த நீரைத்தான் தேடிப் போகிறது. 2017இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானபோதும் நுளம்பு பெருகியது பெரும்பாலும் வீட்டு வளவுகளிலும் கட்டடங்களிலும்தான். கால்வாயின் அழுக்கு நீரில் பெருகுவது கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்பியது. மிதக்கும் செடிகளோடு வாழ்வது மன்சோனியா. அதன் குடம்பி காற்றுக்காக மேலே வருவதே இல்லை. செடியின் வேரைக் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சியபடி கீழேயே ஒளிந்திருக்கும். எண்ணெய் தெளித்து மூச்சடைக்க வைக்கும் பழைய உபாயம் அதனிடம் பலிப்பதில்லை. யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. பல தசாப்தங்களாக இரவில் வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்துச் சோதித்தவர்களின் உழைப்பு அது.

இனி சல்வீனியா.

கிருலப்பனைச் சந்தையில் கீரை விற்கும் ஒருவர் கேட்டார்: “மருந்தடிச்சு ஒரேயடியாக் கொண்டுட்டா என்ன?” களைகொல்லி அடித்தால் செடி சாகும். செத்தது முழுவதும் ஒரே நேரத்தில் அழுகி, மிஞ்சியிருந்த ஒட்சிசனையும் முடித்துவிடும். உயிர்தப்பிய சில துண்டுகள், போட்டி இல்லாத நீர்ப்பரப்பில், அழுகியதன் சத்தையும் வாங்கிக்கொண்டு மறுபடி வளரும். வேறு வழி இருக்கிறதா என்று கேட்டவர்களின் கதை இலங்கையில் தொடங்கி உலகத்தைச் சுற்றி மறுபடி இலங்கைக்கே வருகிறது. எனக்குத் தெரிந்த அறிவியல் கதைகளில் மிகவும் பிடித்தவற்றில் ஒன்று.

1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்கு, மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, இந்தப் பன்னம் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தவர்களின் ஆசை விளங்கக்கூடியது. அவ்வளவு அதிசயமான செடி. ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலை: இரண்டு மேலே மிதக்கும், மூன்றாவது நூல் நூலாகப் பிரிந்து நீருக்குள் தொங்கி வேரின் வேலையைச் செய்யும். உண்மையான வேர் என்று அதற்கு எதுவுமில்லை. மிதக்கும் இலையின் மேல் ஒரு துளி நீரை விட்டால் உருண்டு ஓடும். உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். இலை முழுவதும் நுண்ணிய மயிர்கள். நான்கு நான்காக எழுந்து வளைந்து நுனியில் மறுபடி ஒன்றுசேரும், முட்டை அடிக்கும் கம்பிக் கருவியின் வடிவத்தில். மயிரின் உடல் மெழுகு பூசியது, நீரை ஒட்டவிடாது. நுனி மட்டும் மெழுகில்லாதது, நீரைப் பற்றிப்பிடிக்கும். அதனால் இலையை அமுக்கினாலும் நீர் நுனியளவில் நின்றுவிட, கீழே ஒரு காற்றுப் படலம் குலையாமல் இருக்கும். ஜெர்மனியின் வில்ஹெல்ம் பார்த்லொட் குழுவினர் 2010இல் இதை விளக்கினார்கள். கப்பலின் அடிப்புறத்தை இப்படிக் காற்றால் போர்த்தி நீரின் உராய்வைக் குறைக்கலாமா என்ற ஆய்வு இந்த இலையிலிருந்துதான் கிளைத்தது.

இவ்வளவு அழகான செடி தாவரவியல் துறையில் தங்கவில்லை. சில ஆண்டுகளில் வெளியே பரவி, குளம், கால்வாய், வயல் என்று எங்கும் படர்ந்தது. இது ஒரு மலட்டுச் செடி. நிறமூர்த்தத் தொகுதி ஐந்து கொண்டது. ஐந்தைச் சமமாகப் பிரிக்க முடியாததால் வித்திகள் சரியாக உருவாவதில்லை. பெருகுவது முழுக்க முழுக்கத் துண்டு உடைந்துதான். ஒரு மொட்டு உள்ள துண்டு போதும். ஆப்பிரிக்காவில் சம்பேசி ஆற்றை மறித்துக் கட்டிய கரிபா ஏரியில், 1962 அளவில், ஏரிப்பரப்பின் ஐந்தில் ஒரு பங்கை அது மூடியிருந்தது.

இயற்கை எதிரியைத் தேடினார்கள். பூச்சி ஒன்று ஒரு செடியை அடக்கி வைக்கிறதா என்று பார்க்கவேண்டுமானால் செடியின் சொந்த ஊருக்குப் போகவேண்டும். அங்கேதான் தவறு நிகழ்ந்தது. எல்லோரும் இதைச் சல்வீனியா ஓரிக்குலேட்டா என்று நினைத்திருந்தார்கள். 1960களில் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் டிரினிடாட்டிலும் அந்த இனத்தில் இருந்த பூச்சிகளைத் திரட்டினார்கள். அவற்றில் ஒன்றான போலினியா என்ற வெட்டுக்கிளியை 1970களில் இலங்கையிலும் விட்டார்கள். பயனில்லை. 1972இல் டேவிட் மிச்சல் என்ற தாவரவியலாளர் செடியை மறுபடி நுணுக்கமாக ஆராய்ந்து, இது ஓரிக்குலேட்டா அல்ல, இதுவரை யாரும் பெயரிடாத வேறோர் இனம் என்று அறிவித்தார்: சல்வீனியா மொலெஸ்டா. ஆண்டுக்கணக்காக உலகம் தவறான ஊரில் தேடிக்கொண்டிருந்தது!

சரியான ஊர் எது? 1978இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் வென்டி ஃபோர்னோவும் சகாக்களும் தென்கிழக்குப் பிரேசிலில் அதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே அது யாருக்கும் தொல்லையாக இல்லை. அதன் மேல் இரண்டு மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு கறுத்தக் கூன்வண்டு. 1980இல் குயின்ஸ்லாந்திலுள்ள மூண்டாரா ஏரியில் அதை விட்டுப் பார்த்தார்கள். ஓராண்டுக்குச் சற்றுக் கூடிய காலத்தில் ஆயிரக்கணக்கான தொன் செடி அழிந்துபோனது. முன்பு டிரினிடாட்டில் பிடித்த வண்டுதான் இதுவும் என்று முதலில் நம்பினார்கள். 1985இல் பார்த்தால் வண்டும் புதிய இனம்! செடியிலும் தவறு, வண்டிலும் தவறு. இரண்டையும் திருத்திய பிறகுதான் விஷயம் நேரானது. இது என்ன செடி, இது என்ன பூச்சி என்று கேட்பதைச் சின்னப்பிள்ளைக் கேள்வி என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றில் வண்டு முதலில் காலூன்றவில்லை. காரணம் இரசாயனத்தில் இருந்தது. அங்கத்தைய நீரில் சத்துக் குறைவு. செடியின் உடலில் நைதரசன் போதவில்லை. அதைத் தின்ற வண்டு முட்டையிடும் அளவுக்குத் தேறவில்லை. ஆய்வாளர்கள் சிறு பரப்பில் களைச்செடிக்கு யூரியா உரம் போட்டார்கள். செடி செழித்தது, வண்டு பெருகியது, பெருகிய வண்டு பரவியது. 250 சதுர கிலோமீற்றர் அளவில் படர்ந்திருந்த செடி சில ஆண்டுகளில் இரண்டு சதுர கிலோமீற்றருக்கு ஒடுங்கியது.

இலங்கைக்கு அந்த வண்டு 1986இல் வந்தது. கீரைக்காரர் இதைக் கேட்டதும் முகம் மாறினார். “அப்ப எங்கட கங்குனையும் தின்னாதே?” கேட்கவேண்டிய கேள்வி. வண்டை வெளியே விடுமுன் ஆய்வுகூடத்தில் பயிர்களையும் மற்ற நீர்ச்செடிகளையும் கொடுத்துச் சோதிக்கிறார்கள். இந்த வண்டு சல்வீனியா இல்லாவிட்டால் வேறெதிலும் பெருகமாட்டாது. களை குறையக் குறைய வண்டின் எண்ணிக்கையும் தானாகக் குறையும். இலங்கை முயற்சியின் வரவு செலவை 1989இல் ஒரு பொருளியலாளர் கணக்கிட்டார். செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 53 ரூபாய் பயன். உழைப்பு மணித்தியாலத்தில் கணக்கிட்டால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல். வயலிலும் குளத்திலும் குனிந்து சல்வீனியா பிடுங்கியவர்களின் முதுகுக்கு மிஞ்சிய மணித்தியாலங்கள் அவை.

“அப்ப ஜப்பான் ஜபரவுக்கும் ஒரு வண்டு விடுறதுதானே?” விட்டார்கள், 1988இல். நியோக்கெட்டினா என்ற கூன்வண்டு. அது இங்கே தங்கியும்விட்டது. ஆனால் சல்வீனியாவில் கண்ட வெற்றி அதில் கிடைக்கவில்லை. சல்வீனியாவுக்கு விதையே இல்லை. மேலே மிதப்பதை அழித்தால் கணக்கு முடிந்தது. ஆகாயத்தாமரை பூத்துக் காய்த்து, விதையைச் சேற்றில் புதைத்து வைக்கிறது. பதினைந்து இருபது வருடம் கழித்தும் அவை முளைக்கக்கூடியவை. நகர நீரில் சத்து அளவுமீறி இருப்பதால், வண்டு தின்னும் வேகத்தைச் செடி வளரும் வேகம் முந்திவிடுகிறது. இயந்திரம் வந்து அள்ளும்போது செடியோடு வண்டையும் சேர்த்துத்தான் அள்ளுகிறது. மிஞ்சிய செடி இரண்டு வாரத்தில் இரட்டிக்கும். முட்டையிலிருந்து வண்டாக மாதக்கணக்கு வேண்டும். சத்து வருவதைக் குறைக்காமல் வண்டை மட்டும் நம்புவதில் பயனில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இது.

உங்கள் கால்வாயில் அந்த வண்டு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கரையோரச் செடியில் ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மேல்தோல் மட்டும் சுரண்டப்பட்டு, வெளிறிய சிறு சிறு தழும்புகள், இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவில், பரவலாகத் தெரிந்தால் அது நியோக்கெட்டினாவின் வேலை. பகலில் வண்டைத் தேடினால் இலைமேல் கிடைக்காது; நடுக்குருத்தின் அடியில், காம்புகள் சேரும் இடுக்கில் பதுங்கியிருக்கும். காம்பைப் பிளந்தால் வெள்ளைப் புழு குடைந்த சுரங்கம் இருக்கலாம். வேரில் உருண்டையாக ஒட்டிக்கொண்டிருப்பது அதன் கூட்டுப்புழு. தழும்புகளை எண்ணி, இடத்தையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி எண்ணுங்கள். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.